நோட்டீஸ் வராத வீடு

திரிங்காப்
கேமரன் மலை
4 பிப்ரவரி 2024

மணியம்மாவுக்கு,

போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ வைத்துவிடுகிறாய். காகிதத்தில் கத்த முடியாது. நீ படிக்காமல் வைத்தாலும் அது மேசைமேல் கிடக்கும், ஒரு நாள் எடுத்துத்தான் ஆகவேண்டும். அதனால் எழுதுகிறேன். இருளப்பன் லோரி கோலா தெர்லாவில் கோசு ஏற்றிக்கொண்டு சித்தியவான் மார்க்கெட்டுக்கு வருகிறது. அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவனிடமே கொடு.

நீ நம் மகள் ரூபினி வீட்டுக்குக் கிளம்பிய அன்று கம்போங் ராஜா பஸ் நிற்கும் இடத்தில் நான் நின்றேன். நீ கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை. படகைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். சொல்ல விடவில்லை. இப்போது சொல்கிறேன்.

அது பழைய படகு. இல்லை என்று நான் சொல்லவில்லை. நம் கல்யாணத்துக்கு முந்தியே கட்டியது. இருபத்து நாலு அடி, ஃபைபர் உடம்பு. அடியில் இரண்டு கால் மாதிரி இரண்டு கீல் இருக்கிறது. தண்ணீர் வற்றினாலும் சாயாது, தானே நிற்கும். ஒரு வெள்ளைக்காரர் ஊர் ஊராகப் பாய் விரித்துக்கொண்டு வந்தவர், சித்தியவான் ஆற்றோரப் பட்டறையில் அதை ஏற்றி வைத்துவிட்டுப் போனார், திரும்பவில்லை. பட்டறைக்காரரிடமிருந்து நான் வாங்கினேன். உள்ளே இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி. நீ நிமிர்ந்து நிற்கலாம். நான் தலை குனிய வேண்டும். துரை முன்னால் குனியாதவன், என் வீட்டுக்குள் குனிந்துகொள்கிறேன்.

எஸ்டேட் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்ததை நீயும் பார்த்தாய். ரிட்டயர் ஆனவன் லைன் வீட்டில் இருக்கக்கூடாதாம். நான் பிறந்தது அந்த வீட்டில். ரூபினி பிறந்ததும் அங்கேதான். தேயிலை ஃபேக்டரியில் நான் பழுது பார்த்த ரோலர் இன்னும் ஓடுகிறது, அதை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், இனி அடுத்தவன் மண்ணில் கூரைக்குக் கீழே படுக்கமாட்டேன் என்று. மண் இருந்தால்தானே நோட்டீஸ் வரும். தண்ணீருக்கு எந்த மேனேஜர் நோட்டீஸ் அனுப்புவான்?

ஏன் மலைக்குக் கொண்டுவந்தேன் என்று எல்லாரும் கேட்கிறார்கள். என் சாமான் எல்லாம் இங்கே இருக்கிறது. கோசை இறக்கிவிட்டு லோரி வெறுமனேதான் மேலே ஏறும், இல்லாவிட்டால் கோழி உரம் ஏற்றிக்கொண்டு வரும். வெறுமனே ஏறுகிற லோரியில் படகை ஏற்றினேன். திருச்செல்வம் தன் பூத்தோட்டத்தில் காலியாக இருந்த பிளாஸ்டிக் கொட்டகையைக் கொடுத்திருக்கிறான். கொடுத்துவிட்டு வாய் சும்மா இருக்கிறதா?

"தங்கையாண்ணே, கடல் எப்ப இந்தப் பக்கம் வருது? தேதி சொன்னா நானும் செவ்வந்தியப் புடுங்கிட்டு மீனு விட்டுருவேன்லா."

"உன் தோட்டம் முங்கின பிறகு வரும், அதுவரைக்கும் பூவுக்குத் தண்ணி ஊத்து" என்றேன்.

வேலை முடிந்ததும் சொல்லி அனுப்புகிறேன். வந்து சேர்.

தங்கையா


சித்தியவான்
11 பிப்ரவரி 2024

ரூபினி அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கோசு வாசனையோடு வந்து சேர்ந்தது. இருளப்பன் கேட்டில் நின்று கொடுத்தான். கொடுக்கும்போதே, "யக்கா, ஒங்களுக்குத் தண்ணின்னா பயமாம்ல, அதான் ஓடிட்டீங்கன்னு அண்ணன் ஊரெல்லாம் சொல்றாரு" என்றான்.

எனக்குத் தண்ணீர் பயம்தான். அதற்காக நான் வரவில்லை. தினமும் என்ன குழம்பு வைக்கட்டும் என்று நான் உங்களைக் கேட்டேன். வீட்டை வாங்கும்போது நீங்கள் என்னைக் கேட்கவில்லை. லோரியிலிருந்து அதை இறக்கியபோதுதான், நான் குடியிருக்கப் போவது அதற்குள் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு நளினிக்கு எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. "என்னக்கா, கப்பல்ல போறீங்களாமே" என்று அவள் கேட்டபோது, நான் கோட்டி பிடித்தவள் மாதிரி நின்றேன்.

நோட்டீஸ் வந்ததாக எழுதுகிறீர்கள். நானும் அந்த மலையில் கொழுந்து எடுத்தவள். முதுகில் கூடை ஏறியதிலிருந்து இறங்கியது வரை அந்த வீட்டிலிருந்துதான் வேலைக்குப் போனேன். நோட்டீஸில் உங்கள் பேர் மட்டும் இருந்தது. என்னைக் காலி செய்யச் சொல்லக்கூட அவர்களுக்கு என் பேர் தேவைப்படவில்லை.

ஒன்று கேட்கிறேன். துணி காயப்போட்டால் நாள் கணக்கில் ஈரமாகவே தொங்குகிற ஊர் அது. ரூபினி கைக்குழந்தையாக இருந்தபோது அவள் துணியை அடுப்புக்கு மேல் கயிறு கட்டி உலர்த்தினோம். அந்த ஊருக்கு ஓர் ஈரப் படகைக் காயவைக்கக் கொண்டுபோயிருக்கிறீர்கள். சித்தியவானில் வெயில் இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது?

மகள் நன்றாகத்தான் வைத்திருக்கிறாள். மாப்பிள்ளை யோகேந்திரன் கம்ப்யூட்டர் வைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார். விடிவதற்கு முன்னால், எஸ்டேட் பெரட்டில் வரிசையாக நிறுத்தி நம்மைப் பேர் கூப்பிடுகிற நேரத்துக்கு எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து என்ன செய்வது? வாசலைக் கூட்டினால், "மெஷின் இருக்குதும்மா, நீங்க சும்மா இருங்களேன்" என்கிறாள். சும்மா இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கேட் வரை நடக்கிறேன். திரும்புகிறேன். மறுபடி கேட் வரை நடக்கிறேன்.

எனக்கு நகராத வீடு வேண்டும். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. காலையில் கண் விழித்தால் ராத்திரி படுத்த இடத்திலேயே அது இருக்க வேண்டும்.

மணியம்மா


திரிங்காப்
3 மார்ச் 2024

மணியம்மாவுக்கு,

நகராத வீட்டில்தான் நான் பிறந்தேன். அது நகரவே இல்லை. நம்மைத்தான் நகர்த்தினார்கள்.

உன்னைக் கேட்கவில்லை என்கிறாய். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை. இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

வேலை நடக்கிறது. படகின் அடி முழுக்க அம்மை போட்டது மாதிரி கொப்புளம். ஒவ்வொன்றையும் உடைத்தால் வினிகர் வாசனையில் தண்ணீர் வழிகிறது. பழைய ஃபைபர் படகுக்கு வருகிற வியாதிதான். எல்லாவற்றையும் உடைத்து, தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவினேன். மேல்தளத்தில் பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கிற கம்பிகள் பூட்டியிருக்கும் இடத்தில் உள்ளே இருந்த பலகை ஊறி, புட்டு மாதிரி கையோடு வந்தது. அதைச் சுரண்டி எடுத்துப் புதுப் பலகை வைத்திருக்கிறேன். அந்தப் பூட்டு பிடுங்கிக்கொண்டால் பாய்மரம் தலைமேல் விழும். யோகேந்திரன் மாப்பிள்ளை நான் படகு வாங்கியதைக் கேட்டுச் சிரித்தாரே, அவரை வந்து இந்த வேலையைப் பார்க்கச் சொல்.

துணி காயாத ஊர் என்று எழுதியிருந்தாய். உனக்கு முன்னால் அதை நான் யோசித்துவிட்டேன். ஃபேக்டரியில் கொழுந்தை எப்படி வாட்டுகிறோம்? நீளத் தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து காற்றாடி வைத்து ஊதவிடுகிறோம். வெளியே மழை பெய்தாலும் உள்ளே கொழுந்து வாடும். ஃபேக்டரியில் கழித்துப் போட்ட காற்றாடி ஒன்றை எடுத்து வந்து, படகைச் சுற்றி பிளாஸ்டிக் கட்டி, அடியிலிருந்து சூடான காற்றை விட்டேன். வாடிய கொழுந்தைக் கையில் அள்ளி இறுக்கி, கையைத் திறந்தால் உருண்டை பிரியாது, அதுதான் பதம். படகை அப்படிப் பிடிக்க முடியாது. அதனால் தட்டிப் பார்க்கிறேன். ஈரமான இடம் தொப்பென்று கேட்கும். காய்ந்த இடம் டங்கென்று கேட்கும். இப்போது எல்லா இடமும் டங்கென்று கேட்கிறது.

பெரிய பாய் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. கழுவி, கொஞ்சம் வெயில் வந்த நேரத்தில் எஸ்டேட் ஓரத்துத் தேயிலைச் செடிகள்மேல் விரித்தேன். கங்காணி ஓடி வந்தான்.

"என்னா தங்கையா, தேயிலைக்குக் குளிருதுன்னு போர்வ போத்துறியா? துரை பங்களாவுலேருந்து பாத்தா எனக்குத்தான் ஏச்சு. எடுலா."

அதற்குள் டூரிஸ்ட் கார்கள் வரிசையாக நின்றுவிட்டன. ஒரு பெண் வந்து இது என்ன கண்காட்சி என்று இங்கிலீஷில் கேட்டாள். என் வீட்டுத் துணி காய்கிறது என்று சொன்னேன். அவள் அதையும் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

நாளைக்கு அடியில் பிசின் பூசத் தொடங்குகிறேன். பிசின் ஒரு டின், அதைக் கட்டியாக்கும் மருந்து இன்னொரு டின். இரண்டையும் கலந்து, கண்ணாடி நார்த் துணியை ஒட்டி, மேலே பூச வேண்டும். இங்கே குளிர் என்பதால் மருந்தைக் கொஞ்சம் தூக்கலாகப் போடுவேன். டின்னில் அப்படி எழுதவில்லை. டின்னில் எழுதினவன் மலையில் இருந்தவன் இல்லை.

தங்கையா


சித்தியவான்
6 மார்ச் 2024

ரூபினி அப்பாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். முதலில் இதைப் படியுங்கள்: மருந்தைத் தூக்கலாகப் போடாதீர்கள்.

யார் சொன்னது என்று கேட்பீர்கள். கேட் வரை நடந்துகொண்டிருந்தவள், இப்போது ஆறு வரை நடக்கிறேன். மீன் வாங்கப் போகிறேன் என்று ரூபினியிடம் சொல்லிவிட்டு அந்தப் படகுப் பட்டறைக்குப் போனேன். உங்களுக்குப் படகு விற்ற பட்டறை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, நண்டு மாதிரி காலை அகட்டி உட்கார்ந்து ஒரு இன்ஜினைக் கழற்றிக்கொண்டிருந்தார். மலாயில்தான் பேசினோம்.

"ஓ, கேமரனுக்குப் போட் தூக்கிட்டுப் போன அங்கிளோட வீட்டம்மாவா நீ? அங்கிளுக்கு மண்ட கல்லு."

"எனக்குத் தெரியாதா தவுக்கே, அந்தக் கல்லுலதான நான் இத்தன வருசமா சமைச்சேன்" என்றேன். சிரித்துவிட்டு நாற்காலி எடுத்துப் போட்டார்.

பிசினும் மருந்தும் டின்னில் போட்ட அளவுதானாம். கூட்டினால் சீக்கிரம் இறுகாது, கடைசி வரை இறுகவே இறுகாதாம். குளிருக்குச் சூடு காட்டலாம், மருந்தைக் கூட்டக்கூடாதாம். பனி இறங்குகிற நேரத்தில் பூசினால் மேலே மெழுகு மாதிரி படியுமாம். இதை அவர் இரண்டு தடவை சொன்னார், நான் திருப்பிச் சொல்லிக் காட்டினேன்.

உங்கள் போன் எடுக்கவில்லை. அந்தக் கொட்டகையில் லைன் கிடையாது என்று தெரியும். திருச்செல்வத்துக்குப் போன் அடித்துச் சொல்லியிருக்கிறேன். "சொல்லிர்றேன்க்கா, அண்ணன் கேப்பாரான்னுதான் தெரியல" என்றார். இந்தக் கடிதம் வருவதற்குள் அவர் சொல்லியிருப்பார்.

மணியம்மா


திரிங்காப்
31 மார்ச் 2024

மணியம்மாவுக்கு,

திருச்செல்வம் சொன்னான். அவன் வந்து சொன்னபோது ஒரு பக்கம் பூசி முடித்திருந்தேன். பாதியில் நிறுத்துகிறவன் நான் இல்லை. மறுபக்கத்தையும் அப்படியே பூசினேன்.

பூசிய பிசின் பலாப்பழம் அறுத்த கத்தி மாதிரி இருந்தது. விரல் வைத்தால் விரலோடு வந்தது. நாலு நாள் பொறுத்தேன். காற்றாடியைத் திருப்பி வைத்தேன், அடுப்பு மூட்டினேன். பூச்சி பறந்து வந்து ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். பிறகு உளியை எடுத்து எல்லாவற்றையும் சுரண்டினேன். சுரண்டும்போது இன்னொன்றும் தெரிந்தது. டங்கென்று கேட்ட சில இடங்களிலும் உள்ளே ஈரம் இருந்தது. கொழுந்து பொய் சொல்லாது. இந்தப் படகு பொய் சொல்கிறது.

பனிதான் காரணம். இந்த மாதம் வழக்கத்துக்கு மீறிய பனி.

இப்போது திருச்செல்வம் வேறு கொட்டகையைக் கேட்கிறான். செவ்வந்தி நாற்று வருகிறதாம். "கோவிச்சுக்காதீங்கண்ணே, நீங்க கொஞ்ச நாள்னுதான் சொன்னீங்க, பூவு காத்துக்கிட்டு நிக்காது" என்றான். கோபித்துக்கொண்டேன். அவன் டீ வாங்கி வந்து கொடுத்தான், குடிக்கவில்லை. அவன் போன பிறகு குடித்தேன், ஆறிப்போயிருந்தது.

லைன் பக்கம் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். கால் தானாகப் போய்விட்டது. நம் வீட்டில் நேப்பாளத்துப் பையன்கள் இருக்கிறார்கள். நான் கட்டிய கொடியில் அவர்கள் துணி தொங்குகிறது, காயாமல். வாசலில் நின்ற ஒருவன் யாரைத் தேடுகிறீர்கள் என்று மலாயில் கேட்டான். யாரையும் இல்லை என்றேன். அவன் நல்ல பையன், உட்காரச் சொன்னான். அவனுக்கும் ஒரு நாள் நோட்டீஸ் வரும்.

படகுக்குள் படுக்கிறேன். கோழி உர வாசனை இன்னும் போகவில்லை. புரண்டு படுத்தால் தலை இடிக்கிறது. எழுந்து கொட்டகையைச் சுற்றுகிறேன். எங்கேயும் உட்கார முடியவில்லை.

இதைப் படித்துச் சிரிப்பாய். சிரி.

தங்கையா


சித்தியவான்
7 ஏப்ரல் 2024

ரூபினி அப்பாவுக்கு,

நான் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை சிரித்தார். சிரிக்க வேண்டாம் என்று சொன்னேன், நிறுத்திவிட்டார்.

திருச்செல்வத்தைத் திட்டாதீர்கள். அவர் உங்களை நகர்த்தவில்லை. அவர் பிழைப்பு பூவில் இருக்கிறது. கொட்டகையைக் கழுவிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

படகைக் கீழே கொண்டு வாருங்கள். தவுக்கேயிடம் பேசிவிட்டேன். பட்டறையின் மேற்கு மூலையில் நிழலே இல்லாத ஓர் இடம் இருக்கிறது, யாரும் அங்கே நிற்கவே மாட்டார்கள், அவ்வளவு வெயில். அங்கே நிறுத்திக்கொள்ளச் சொன்னார். நான் சொன்னேன் என்பதற்காக வராமல் இருக்காதீர்கள். வராதீர்கள் என்று நானே சொன்னதாக வைத்துக்கொண்டு வாருங்கள்.

தவுக்கேயிடம் இன்னொன்றும் கேட்டேன். படகு யார் பேரில் இருக்கிறது என்று. கடல் இலாகாவில் பதிந்த தாளின் நகலைக் காட்டினார். தங்கையா என்று மட்டும் இருக்கிறது.

இதை நான் உங்களோடு சண்டை போட எழுதவில்லை. பல நாளாக யோசித்து எழுதுகிறேன். நோட்டீஸ் கொடுக்க முடியாத வீடு என்று எல்லாரிடமும் சொல்கிறீர்கள். உங்களுக்கு யாரும் கொடுக்க முடியாது, சரி. எனக்கு நீங்கள் கொடுக்கலாம் இல்லையா? எஸ்டேட் வீட்டில் உங்கள் வேலை இருக்கும்வரைதான் எனக்கு இடம். மகள் வீட்டில் மாப்பிள்ளை முகம் சுளிக்காதவரைதான் இடம். படகில் உங்கள் கோபம் தூங்கும்வரை இடம். இறங்கு என்று சொல்ல உங்களுக்கு ஒரு வாய் போதும். நடுக்கடலில் நான் எங்கே போய் பஸ் ஏறுவேன்?

இதற்குப் பதில் எழுதுங்கள்.

மணியம்மா


சித்தியவான், படகுப் பட்டறை
19 மே 2024

மணியம்மாவுக்கு,

கீழே வந்து சேர்ந்தது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். சிம்பாங் பூலாய் இறக்கத்தில் இருளப்பன் லோரியை ஓட்டிய ஓட்டில், படகு ஒரு தடவை பறந்தே பார்த்துவிட்டது. நான் இங்கே இருந்துகொண்டு அவனிடம் கடிதம் கொடுப்பதைப் பார்த்து அவன் சிரிக்கிறான்.

"அண்ணே, இங்கேருந்து பாத்தா ரூபினி வீட்டு மாடி தெரியுது. எட்டு வச்சிப் போய்க் குடுத்தா என்னாவாம்?"

"உனக்குக் கோசு அழுகுது, போ" என்றேன்.

வெயில் நீ சொன்ன மாதிரிதான். கால் வைக்க முடியவில்லை. படகை ஒரு மாதம் சும்மா காயவிட்டேன். காற்றாடி இல்லை, தட்டிப் பார்க்கவும் இல்லை. பிறகு டின்னில் போட்ட அளவுக்குப் பிசின் கலந்தேன். சாயங்காலத்துக்குள் கல்லாகிவிட்டது. கட்டை விரல் நகத்தால் கீறிப் பார்த்தேன், நகம்தான் தேய்ந்தது. அடியில் தண்ணீர் உள்ளே வந்து போகிற துளைகளின் வால்வுகள் துருப்பிடித்து இறுகியிருந்தன, கழற்றிப் புதிதாகப் போட்டேன். டீசல் இன்ஜின் ஒரே சிலிண்டர். அதைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, மூன்றாவது இழுப்பில் பேசியது. கம்பிகளை எல்லாம் மாற்றியாகிவிட்டது.

இங்கேயும் ஒரு துரை இருக்கிறார், உன் தவுக்கேதான். மேலே ஏற்றி வைத்த படகில் அடுப்பு மூட்டக்கூடாதாம், கேட்டை இருட்டினால் பூட்டுவாராம், பெயிண்ட் அடிக்கிற நாளில் தூசி கிளப்பக்கூடாதாம். சரி என்று சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டு. அதனால்தான் தண்ணீரில் சீக்கிரம் இறங்க வேண்டும் என்கிறேன்.

நேற்று மதியம் நான் நட்டு வாங்கக் கடைக்குப் போன நேரத்தில் யாரோ ஏணியில் ஏறி உள்ளே வந்து மெத்தை உறைகளைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் நான் அடித்த ஆணியைப் பிடுங்கி வேறு இடத்தில் அடித்திருக்கிறார்கள். யார் என்று தவுக்கே சொல்லமாட்டேன் என்கிறார். அடுத்தவர் வீட்டில் கேட்காமல் ஆணி அடிப்பது என்ன பழக்கம்?

பேர் விஷயத்தைப் படித்தேன். அதற்குப் பதில் இல்லை. யோசிக்கிறேன் என்று அர்த்தம் இல்லை. பதில் இல்லை என்றுதான் அர்த்தம்.

ஜூன் மாதம் தண்ணீரில் இறக்குகிறேன். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

தங்கையா


சித்தியவான்
16 ஜூன் 2024

ரூபினி அப்பாவுக்கு,

உறைகளை ரூபினியின் மெஷினில் துவைத்தேன். அந்த மெஷினால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான். ஆணி இருந்த இடத்தில் கரண்டி தொங்கினால் நெருப்புக்கு மேலே ஆடும். உங்களுக்குக் கரண்டி பிடித்துப் பழக்கம் இல்லை, அதனால் தெரியவில்லை.

படகை இறக்கிய நாளைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. அன்று பேச முடியவில்லை. கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் வந்தேன். தவுக்கே கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். நீங்கள் சுக்கானைப் பிடித்துக்கொண்டு முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் உள்ளே இறங்கி, என் உறைகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். கால் ஈரமானது. அடிப்பலகையைத் தூக்கினால் உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. புரொப்பலர் தண்டு வெளியே போகிற இடத்தில் குழாய் மாதிரி வந்தது.

அன்று முழுக்க நீங்கள் என்னிடம் பேசியது இரண்டே வார்த்தை. "பக்கெட் எடு."

எடுத்தேன். நீங்கள் தலைகீழாகக் கிடந்து நட்டை இறுக்கினீர்கள், நான் இறைத்தேன். நின்றுவிட்டது. பிறகு ஆற்று வாய்க்கு வெளியே வந்து நீங்கள் இன்ஜினை நிறுத்திப் பாயை ஏற்றினீர்கள். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. கவிழப்போகிறது என்று நினைத்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் அதுதான் சரியான இடம் என்று தெரிந்துகொண்டேன்.

பயந்தாயா என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். முதலில் பயந்தேன். பிறகு கையில் வேலை வந்துவிட்டது. இத்தனை மாதத்தில் அன்று ஒரு நாள்தான் நான் சும்மா இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கேட் வரை நடக்கவில்லை. படுத்தேன், தூங்கினேன்.

இதை வைத்து நான் படகுக்கு வந்துவிடுவேன் என்று நினைக்காதீர்கள். ஏப்ரல் மாதம் ஒன்று கேட்டேன். பதில் இல்லை என்று எழுதினீர்கள். பதில் இல்லாத இடத்தில் நான் பாய் விரிக்கமாட்டேன்.

மணியம்மா


சித்தியவான் ஆறு
30 ஜூன் 2024

மணியம்மாவுக்கு,

லுமுட்டில் கடல் இலாகா ஆபீசுக்குப் போனேன். படகை முழுக்க உன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பேர் மாற்றுகிற பாரம், அந்த ஆபீஸ் தாள், கடிதத்துக்குள் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. உன் கையெழுத்துதான் பாக்கி.

நீ சொன்னது சரி என்று இதற்கு அர்த்தம் இல்லை. நான் உன்னை இறங்கச் சொல்லுவேன் என்று நீ நினைத்ததே தப்பு. அப்படி நினைக்கிற ஆளோடு வாதாட எனக்குத் தெரியாது. அதனால் எழுதிக் கொடுத்துவிட்டேன். கவுண்டரில் இருந்த பெண், "முழுக்கவா பாக்சிக்?" என்று மலாயில் மாமா முறை வைத்துக் கேட்டாள். முழுக்க என்றேன்.

இனி வீடு உன்னுடையது. நான் குடியிருப்பவன். கோபம் வந்தால் நீ என்னை இறங்கு என்று சொல்லலாம். எனக்கு நீந்தத் தெரியாது, அதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு சொல்.

தண்டின் கசிவு நின்றுவிட்டது. இரவில் படகு கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்கிறது. எங்கேயோ போக வேண்டும் என்கிற மாதிரி. நானும் அப்படித்தான் கிடக்கிறேன்.

தங்கையா


சித்தியவான்
3 ஜூலை 2024

ரூபினி அப்பாவுக்கு,

பாரத்தை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை.

மறுபடியும் கேட்காமல் செய்திருக்கிறீர்கள். வாங்கும்போது கேட்கவில்லை. மலைக்கு ஏற்றும்போது கேட்கவில்லை. கொடுக்கும்போதும் கேட்கவில்லை. படகு வேண்டுமா என்று ஒருவர்கூட என்னைக் கேட்காமல், என் தலையில் ஒரு முழுப் படகு வந்து இறங்குகிறது. ரூபினி பாரத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா எவ்ளோ பெரிய மனசும்மா" என்றாள். "பெரிய மனசெல்லாம் சரிதாண்டி, காதுதான் சின்னது" என்றேன்.

யாரையும் இறங்கச் சொல்லும் அதிகாரம் எனக்கு வேண்டாம். அந்த அதிகாரம் இருந்தவர்களை ரொம்ப வருஷம் பார்த்துவிட்டேன். அது என்னிடம் இருந்தாலும் எனக்குப் பிடிக்காது, உங்களிடம் இருந்தாலும் பிடிக்காது. இரண்டு பேர் பேரும் இருக்கட்டும். யாராவது ஒருவர் சொல்லி இன்னொருவரை இறக்கிவிட முடியாதபடி எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுத முடியும் என்று தவுக்கே சொன்னார்.

வருகிற செவ்வாய்க்கிழமை காலையில் லுமுட் ஆபீசுக்கு வாருங்கள். நான் ரூபினி காரில் வருகிறேன். கவுண்டரில் நான் பேசுகிறேன்.

இன்னொன்று. படகு எங்கே வேண்டுமானாலும் போகட்டும், நானும் வருகிறேன். எதிர்ப்பக்கம் உட்காரத்தான் எனக்கு இப்போது தெரியுமே. ஆனால் போய்விட்டுத் திரும்பிவர ஓர் இடம் வேண்டும். அது ஒவ்வொரு தடவையும் அதே இடமாக இருக்க வேண்டும். நகராத வீடு இல்லை என்றால், நகராத கயிறாவது எனக்கு வேண்டும். அதை நீங்களாக முடிவு செய்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதினால், செவ்வாய்க்கிழமை நான் வரமாட்டேன்.

மணியம்மா


சித்தியவான் ஆறு
6 ஜூலை 2024

மணியம்மாவுக்கு,

பாரத்தைக் கிழித்துப் போட்டேன். இரண்டு பேர் என்றால் வேறு பாரமாம், வாங்கி வைத்திருக்கிறேன். எதையும் நிரப்பவில்லை.

மூன்று இடம் பார்த்தேன். பட்டறைக்கு மேலே ஆற்று வளைவில் கண்டல் மரங்களுக்குப் பின்னால் ஒன்று. காற்று அடிக்காது, கொசு கடிக்கும், தண்ணீர் வற்றினால் சேற்றில் நிற்கும். லுமுட் துறை இன்னொன்று. குழாய்த் தண்ணீர் உண்டு, லைட் உண்டு, ஓர் ஆபீசும் அதில் ஒரு மேனேஜரும் உண்டு. மூன்றாவது பங்கோர் தீவுக் கரையில், மீன்காரர்கள் படகு நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில். மார்க்கெட்டுக்கு நடந்து போகலாம். அலை கொஞ்சம் தூக்கிப் போடும். ரூபினியைப் பார்க்க வேண்டுமானால் ஃபெரி ஏற வேண்டும்.

எனக்கு எது பிடித்தது என்று எழுதியிருந்தேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

கயிற்றை எங்கே கட்டட்டும்?

தங்கையா